மணியார்டரும் தொலைநிலை அழைப்பும்

ஊருக்கு மணியார்டர் அனுப்பிய காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அம்மாவின் கையெழுத்தோடு ஒப்புகைச் சீட்டு திரும்பி வராவிட்டால் மனசு அடித்துக்கொள்ளும். பணமே போய்ச் சேரவில்லையா, சேர்ந்தபின் சீட்டு மட்டும் தொலைந்ததா? மறுபடி அனுப்பலாமா? என் தொழிலான கணினித் துறையிலும் இதே தவிப்பு உண்டு.

ஒரு கணினியில் ஓடும் நிரல், வேறொரு கணினியில் இருக்கும் நிரலைக் கூப்பிட்டு வேலை வாங்குவதை ‘ரிமோட் புரொசீஜர் கால்’, அதாவது தொலைநிலைச் செயல் அழைப்பு என்கிறோம். ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தின் ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் இருவரும் 1984இல் எழுதிய கட்டுரை இத்துறைக்கு வழிகாட்டி. கூகுள் 2015இல் வெளியிட்ட ‘ஜிஆர்பிசி’ இதற்கென்றே உள்ள மென்பொருள் தொகுப்பு.

எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை ஒரே ஆர்டர் இரண்டு தடவை பதிவாகிவிட்டது. அழைத்த நிரலுக்குக் கிடைத்ததோ ‘கெடு முடிந்தது’ என்ற ஒற்றை வரி. “நெட்வொர்க்குலதான் கோளாறு சார்” என்று எல்லோரும் அந்தப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பையனைக் கைகாட்டினார்கள். அவன் முகம் வாடிப்போயிற்று.

சந்தேகம் தீர ‘டிரேஸ்’ என்னும் தடப்பதிவை இரு பக்கமும் இயக்கினோம். சி++, பைதான் போன்றவற்றில் இதற்கு நிரலைத் திருத்தவே வேண்டாம். ‘ஜிஆர்பிசி வெர்பாசிட்டி’, ‘ஜிஆர்பிசி டிரேஸ்’ என்ற இரண்டு சூழல் மாறிகளுக்கு மதிப்புக் கொடுத்து நிரலை மறுபடி ஓடவிட்டால் போதும். ‘எச்டிடிபி’, ‘டிசிபி’ என்று வேண்டிய அடுக்கை மட்டும் கேட்கலாம். ‘ஆல்’ என்றால் வரிகள் வெள்ளமாய்க் கொட்டும். தேடியது அதில் மூழ்கிவிடும்.

நேரத்தோடு பதிவான வரிகள் கதையைச் சொல்லிவிட்டன. கோரிக்கை உடனே போய்ச் சேர்ந்திருக்கிறது. அங்கே வேலை முடிய 7 விநாடி. நாங்கள் வைத்த கெடுவோ 5 விநாடி. பொறுமை இழந்த எங்கள் நிரல் மறுபடி அனுப்ப, அதுவும் பதிவாகிவிட்டது. தப்பு எங்கள் பிரிவுடையது. அந்தப் பையனிடம் நானே போய்ச் சொன்னேன்.

‘கெடு முடிந்தது’ என்றால் ‘வேலை நடக்கவில்லை’ என்று அர்த்தம் இல்லை. ஆகவே ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கொடுத்தோம். அதே எண் மறுபடி வந்தால் புதிதாகப் பதியாமல் பழைய பதிலையே தரும்படி செய்தோம்.

ஓர் எச்சரிக்கை: தடப்பதிவு வேகத்தைக் குறைக்கும், வாடிக்கையாளர் விவரங்களும் அதில் விழலாம். வேலை முடிந்ததும் அணைத்துவிட வேண்டும். ஆனால் யார்மேலாவது பழி போடுமுன், ஒருமுறை அதைப் பார்த்துவிடுவது நல்லது.