வயல் நம்முடையது, படம் யாருடையது?

கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று கூட்டம் கூடினால், எந்த மடை, எந்த இடத்தில் அடைப்பு என்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. மடை, கிணறு, வாய்க்கால் ஆகியவற்றை ஒரே படத்தில் குறித்து மோட்டார் கொட்டகையில் ஒட்டி வைத்தால் இத்தொல்லை குறையும். ஊரின் செயற்கைக்கோள் படம் இப்போது செல்போனிலேயே கிடைக்கிறது. அதன்மேல் கோடு போட்டுக் கொள்ளலாமே என்று தோன்றுவது இயற்கை. போட்டுக் கொள்ளலாம், ஆனால் முறை உண்டு.

நிலப்படமும் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது. குத்தகை நிலத்தில் பயிர் குத்தகைதாரருடையது, மண் நிலக்காரருடையது அல்லவா? இதுவும் அப்படித்தான். நாம் குறிக்கும் கிணறும் மடையும் நம் விவரம். அடியில் உள்ள படம் அதை வெளியிட்டவருடையது.

இவ்வழக்கம் தொடங்கியதே அனுமதி இல்லாமல்தான். 2005-இல் அமெரிக்காவில் பால் ரேடமாக்கர் என்பவர் வாடகை வீட்டு விளம்பரங்களைக் கூகுள் படத்தின்மேல் பொருத்திக் காட்டினார். அந்நிறுவனம் அவர்மேல் வழக்குப் போடவில்லை. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், பிறரும் தங்கள் விவரங்களைப் படத்தின்மேல் வைக்க முறைப்படி வழி திறந்து விட்டது. வழியோடு நிபந்தனைகளும் வந்தன.

கூகுள் படத்தின்மேல் புள்ளி, கோடு, பெயர் ஆகியவற்றைச் சேர்க்கலாம். சொந்த உபயோகத்துக்கு அச்சிட்டும் கொள்ளலாம். மூலையில் பொடி எழுத்தில் உள்ள நிறுவனப் பெயர்களை மட்டும் வெட்டக் கூடாது. படம் பெரிதாக வரட்டும் என்று அச்சுக்கடைகளில் முதலில் வெட்டுவது அதைத்தான்! பணம் வாங்கி விற்பதென்றால் விதி வேறு. முன்கூட்டிப் படித்துப் பார்க்க வேண்டும்.

பலரும் தெரியாமல் தவறுவது இன்னொன்றில். செயற்கைக்கோள் படத்தில் தெரியும் வரப்பையும் வாய்க்காலையும் அப்படியே பார்த்து வரைந்து, அடிப்படத்தை எடுத்துவிட்டு, 'எங்கள் ஊர்ப் படம்' என்று தனியே வெளியிடுவதைக் கூகுள் விதிகள் அனுமதிப்பதில்லை. இதற்கு வழி சுலபம். செல்போனை எடுத்துக் கொண்டு வரப்பில் நடக்க வேண்டியதுதான். ஒவ்வொரு மூலையிலும், மடையிலும், கிணற்றடியிலும் சற்று நின்று, செல்போன் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை நோட்டில் குறித்துக் கொள்ளலாம். நடந்து எடுத்த எண்கள் நடந்தவருக்கே சொந்தம். அவற்றை எந்தப் படத்தின்மேலும் வைக்கலாம். நாளை ஒரு நிறுவனம் விதியை மாற்றினாலும் நோட்டு கையில் இருக்கும். அடுத்தவர் கிணற்றின் ஆழத்தையும் ஊற்றையும் எழுதுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்வது நல்லது.

கட்டுப்பாடு குறைந்த அடிப்படம் வேண்டுவோருக்கு 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் இருக்கிறது. பொதுமக்களே சேர்ந்து வரைந்தது. அதை அச்சிடலாம், பகிரலாம், விற்கவும் செய்யலாம். அதன் பங்களிப்பாளர்களின் பெயரைப் படத்தில் குறிப்பிட்டால் போதும். அதன் விவரங்களையே திருத்திப் பொதுவில் வெளியிட்டால், பிறருக்கும் அதே உரிமையுடன் தர வேண்டும். சில கிராமங்கள் அதில் இன்னும் வெறுமையாகவே கிடக்கின்றன. நடந்து எடுத்த அளவுகளை அங்கே சேர்க்கவும் செய்யலாம்.

வேலி போடவோ, எல்லைக்கல் நடவோ இப்படங்களில் எதையும் நம்பக் கூடாது. திறந்த வெளியிலேயே செல்போன் காட்டும் இடம் சுமார் 5 மீட்டர் தள்ளிப் போகக்கூடும்; தென்னந்தோப்பில் இன்னும் அதிகம். சதுரமான ஒரு ஏக்கர் வயலின் ஒரு பக்கம் ஏறக்குறைய 64 மீட்டர். அந்தப் பக்கம் முழுவதும் 5 மீட்டர் தவறினால் கிட்டத்தட்ட 8 சென்ட் கைமாறிவிடும். பங்காளிச் சண்டைக்கு அது போதாதா? எல்லைக்கு ஆதாரம் சர்வே எண்ணுக்குரிய புலப்படமும் சர்வேயர் அளவையுமே. புலப்படத்தைத் தமிழக அரசின் இணையச் சேவையில் பார்த்துக் கொள்ளலாம்; தகராறு இருந்தால் முறைப்படி மனுக் கொடுத்து அளந்து வாங்க வேண்டும். கொட்டகையில் ஒட்டும் படத்தின் அடியிலும் 'இது எல்லைக்கு ஆதாரம் அல்ல' என்று ஒரு வரி எழுதி விடலாம்.