தக்கை அமிழ்ந்தது, வானம் இருண்டது

தூண்டில் போட நான் கற்றுக்கொண்டது அமெரிக்கக் காணொளிகளில்தான். அங்கே கிராப்பி என்றொரு நன்னீர் மீன். குளிர்காலம் முடிந்து ஏரி நீர் 16 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியதும் முட்டையிடக் கரையோரம் வரும். அந்த நேரம் பார்த்துச் சின்ன ஏரிகளில் ஆட்கள் குவிவார்கள். நடுவில் திடீரென்று குளிர்காற்று வீசினால் மீன் ஆழத்துக்குப் போய் மந்தமாகிவிடுமாம். ‘வானிலை கெட்டால் ஆழத்தில் போடு’ என்ற பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டு, ஏப்ரல் மாதச் சனிக்கிழமை ஒன்றில் மாமாவோடு கிளம்பினேன்.

எங்கள் வீடு பாகான் டாலாமில். பிறை ஆறு கடலில் சேரும் இடம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால், ஆற்றுமுகத்தில் மீன் பிடிக்க நீர் ஏறும் நேரம், இறங்கும் நேரம் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். “உனக்குக் குளம் போதும்” என்று சொல்லிவிட்டார் மாமா. மண் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கி உருவான குளம் அது. சுற்றிலும் செம்பனை. மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரப் பயணம்.

ஒன்றரை மணி நேரம் நடுக்குளத்தில், ஆழத்தில் போட்டுப் பார்த்தேன். தக்கை அசையவே இல்லை. மாமாவோ கரையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி மண்புழுவைப் போட்டு நான்கு திலாப்பியா எடுத்துவிட்டார். “அது அவன் ஊரு ஏரி. நீ நம்ம ஊரு குளத்தப் பாருடா” என்றார்.

வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் காரணம் புரிந்தது. நம் குளத்து நீர் ஆண்டு முழுவதும் 30 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. இங்கே வசந்தமும் இல்லை, குளிர்காற்றும் இல்லை. திலாப்பியா வசந்தத்துக்காகக் காத்திருப்பதில்லை. ஆண் மீன் கரையோரச் சேற்றில் தட்டுப் போல் குழி பறிக்கும்; பெண் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாக்கும். நம் ஊர் மீனின் கவலை குளிர் அல்ல, உயிர்வளி. 16 டிகிரி நீரில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராம் உயிர்வளி கரையும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். அதிலும் தேங்கிய குளத்தின் அடியில் மட்கும் இலைதழைகள் இருப்பதையும் தின்றுவிடும். மூச்சுவிடச் சிரமமான இடமாகப் பார்த்து நான் இரை போட்டிருக்கிறேன்! பெருமழை அடித்து அடிநீர் மேலே கலந்துவிட்டால் மறுநாள் காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதும் இதனால்தான்.

மூன்று மணிக்குப் புக்கிட் மெர்தாஜாம் குன்றுப் பக்கம் மேகம் கோபுரமாக எழுந்தது. ஏப்ரல், மே பருவக்காற்று மாறும் காலம். காற்று பலவீனமாக இருக்கும். காலை வெயிலில் நிலம் காயும். கடற்பக்கமிருந்து ஈரக்காற்று உள்ளே வரும். பிற்பகலில் இடி மழை. மலேசிய வானிலை ஆய்வுத் துறை எச்சரிக்கை கொடுத்தாலும், ஒரு தாமானில் மழை கொட்டும், அடுத்த தாமானில் துணி காயும்.

வெளிச்சம் மங்கியதும் எனக்கும் கடிக்க ஆரம்பித்தது. பத்து நிமிடத்தில் மூன்று மீன்.

மழைக்கு முன் காற்றழுத்தம் குறைவதால்தான் மீன் கடிக்கிறது என்று தூண்டில்காரர்கள் பலர் சொல்வார்கள். ஐந்தாம் படிவ இயற்பியலில் அழுத்தம் படித்தவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீரின் அழுத்தம். நம் பகுதியில் மழை இல்லாத நாளிலும் காற்றழுத்தம் முற்பகலில் ஏறி, மாலையில் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் இறங்கும். மீன் நான்கு விரல் அளவு மேலே நீந்தினாலே அதைவிட அதிகமாக மாறிவிடும். அந்தச் சின்ன மாற்றத்துக்காகவா அது இரையைத் தேடி ஓடும்? வெளிச்சம் குறைவதும், காற்று பூச்சிகளை நீரில் தள்ளுவதும்தான் எனக்குப் பொருத்தமான காரணங்களாகப் படுகின்றன.

அப்போது மின்னியது. மாமா வாய்விட்டு எண்ணினார். பன்னிரண்டில் இடி கேட்டது. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க மூன்று விநாடி. ஆகவே நான்கு கிலோமீட்டர்.

“தூண்டிலக் கீழ போடு.”

“மாமா, மழையே இன்னும் வரலையே. இன்னொன்னு மட்டும்...”

அவர் பதில் சொல்லவில்லை. கோலைப் பிடுங்கிப் புல்லில் எறிந்துவிட்டு, என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். மின்னல், மழை பெய்யும் இடத்துக்கு அப்பால் பத்துக் கிலோமீட்டர் தள்ளியும் விழும். எண்ணிக்கை 30-க்குள் வந்தாலே ஒதுங்க வேண்டும். நான் கையில் பிடித்திருந்ததோ கார்பன் இழைக் கோல், மின்சாரம் பாயும். வெட்டவெளியில் அதை உயர்த்திப் பிடித்தபடி நீரோரம் நின்றிருந்தேன்.

கார் இருந்தால் உள்ளே உட்கார்ந்திருக்கலாம். மோட்டார் சைக்கிள் உதவாது. குளக்கரைப் பொண்டோக்கில் நான் நுழையப் போனபோதும் மாமா விடவில்லை. சுவரில்லாத கூரை மழைக்குத்தான், மின்னலுக்கு அல்ல. மரத்தடி அதைவிட மோசம். சாலையோரம் ஒரு சூராவ் இருந்தது. அங்கிருந்த பெரியவர் எங்களை உள்ளே அழைத்து உட்கார வைத்தார். வந்தபோதே மாமா அந்தக் கட்டடத்தைக் கவனித்து வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் மீன் எங்கே இருக்கும் என்றுதான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறை இடித்ததும் மாமா கணக்கை முதலிலிருந்து தொடங்கினார். கிளம்பும்போது மணி ஐந்தரையைத் தாண்டிவிட்டது. குளத்தில் என் கோலைக் காணோம். இரையோடு கிடந்த தூண்டிலை ஏதோ பெரிய மீன் இழுத்துக்கொண்டு போயிருந்தது. அது என்ன மீன் என்று இன்றுவரை வீட்டில் விவாதம் நடக்கிறது. விரால் என்பது என் கட்சி.

இப்போது காலை ஏழு மணிக்குப் போய், ஒரு மணிக்குள் சுருட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியற்காலையில் வரும் ‘சுமத்திரா’ காற்றுமழை இந்த மாதங்களில்தான் தொடங்கும். அதனால் கிளம்பும் முன் மாமா வாசலில் நின்று மேற்கே ஒரு முறை பார்ப்பார். பல நாள் பசியாறிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வார்.