தெளிவான எழுத்தும் எமது உரிமையே

காணி, இழப்பீடு, வாழ்வாதார உதவி, காணாமல் ஆக்கப்பட்டோர் தொடர்பான விசாரணை என எமது வாழ்வைத் தீர்மானிக்கும் அறிவித்தல்கள் பல இன்று இணையத்தளங்களிலேயே வெளிவருகின்றன. "தமிழிலும் போட்டிருக்கிறோம்" என்று சொல்வார்கள். அதை வாசிக்க முடிகிறதா என்று கேட்பவர்கள் குறைவு.

களப்பணியின்போது நான் அடிக்கடி காண்பது இது. சிறிய கைத்தொலைபேசியில் வந்த அறிவித்தலை வாசிக்க இயலாமல், அம்மாமார் அதை அயலவரிடமோ கடைக்காரரிடமோ நீட்டுகிறார்கள். அவர்கள் எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் அல்லர். எழுத்துத்தான் தெளிவாக இல்லை. இதனால் கணவரின் மரணச் சான்றிதழ், மகனின் வழக்கு, வங்கிக் கடன் போன்ற அந்தரங்க விடயங்களும் ஊருக்குத் தெரியவருகின்றன.

தமிழ் எழுத்துக்கு மேலே குற்று உண்டு, கீழே வளைவு உண்டு. வரிகளை நெருக்கினால் இவை ஒன்றோடொன்று முட்டும். ‘கெடு’, ‘கேடு’ ஆகிய இரு சொற்களும் கொம்பிலுள்ள ஒரு சுழியால் மட்டுமே வேறுபடுகின்றன. சிறிய, தடித்த எழுத்தில் அந்தச் சுழி அடைபட்டுவிடும்.

தகவல் வெளியிடுவோர் கவனிக்க வேண்டியவை:

1. எமது நாட்டில் நெடுங்காலம் பயன்பட்ட பாமினி எழுத்துருவில் எழுதியது, அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அதனை யுனிகோட்டுக்கு மாற்றியே வெளியிட வேண்டும். ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ போன்ற தெளிவான யுனிகோட் எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

2. எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறையக்கூடாது. வரி இடைவெளி எழுத்தளவின் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும்.

3. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இருபுறமும் சமப்படுத்தினால் சிறிய திரையில் சொற்களுக்கிடையே பெரிய வெளிகள் விழும். இடப்புறம் மட்டும் ஒழுங்குபடுத்துவதே நல்லது.

4. வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து வேண்டாம். 2008 இல் வெளியான சர்வதேச இணைய அணுகல் வழிகாட்டி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டைக் கோருகிறது.

5. கடிதத்தைப் படம்பிடித்து மட்டும் போடுவதைத் தவிர்க்க வேண்டும். யுத்தத்தில் பார்வையை இழந்த சகோதரிகளுக்குத் தொலைபேசியின் திரைவாசிப்பான் எழுத்தை ஒலியாக்கித் தரும். படத்திலுள்ள எழுத்தை அது சரியாக வாசிக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

6. முடிவுத் திகதி, கொண்டுவர வேண்டிய ஆவணங்கள், செல்ல வேண்டிய அலுவலகம் ஆகிய மூன்றும் முதலிலேயே தனித்தனி வரிகளில் வரவேண்டும்.

எம்மாலும் சிலவற்றைச் செய்ய முடியும். தொலைபேசியின் அமைப்புகளில் எழுத்தளவைக் கூட்டிக்கொள்ளலாம். பிள்ளைகளிடம் ஒருமுறை கேட்டுப் பழகிக்கொண்டால் போதும். "இந்த எழுத்து விளங்கவில்லை, பெரிதாகத் தாருங்கள்" என்று பிரதேச செயலகத்தில் கேட்பதில் வெட்கம் எதுவுமில்லை. ஒருவர் தனியே கேட்பதைவிட, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாக எழுத்துமூலம் கேட்டால் கூடுதல் பலன் உண்டு. எமக்கு வரும் கடிதத்தை முதலில் வாசிப்பவர் நாமாகவே இருக்க வேண்டும்.