லோகோவிலேயே நின்ற போன்

உள்ளங்கைக் கணினி – 12

2020 மே மாதக் கடைசியில், ஆண்ட்ராய்டு போன்கள் பல ஒரே காரணத்தால் முடங்கின. வைரஸ் இல்லை, தண்ணீரில் விழவும் இல்லை. காரணம் ஒரு புகைப்படம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், கிளேசியர் தேசியப் பூங்காவிலுள்ள செயின்ட் மேரி ஏரியின் மாலை நேரக் காட்சி அது. அழகான படம் என்று அதை வால்பேப்பராக வைத்தவர்களின் போன் திரை அணைந்து எரிந்தது. மறுபடி அணைந்து எரிந்தது. நிற்கவே இல்லை.

நடந்தது இதுதான். வால்பேப்பர் வெளிச்சமானதா, இருட்டானதா என்று தெரிந்துகொள்ள ஆண்ட்ராய்டு 10 அந்தப் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளி அளவைக் கணக்கிடும். அளவு 0-இல் தொடங்கி 255-இல் முடியும் என்பது மென்பொருள் எழுதியவர்களின் கணக்கு. அந்தப் படத்தை எடுத்தவர் கணினியில் திருத்திச் சேமித்தபோது, போன்கள் வழக்கமாகக் கையாள்வதைவிட விரிந்த வண்ண வரம்பு அதில் அமைந்துவிட்டது. அதனால் ஒளி அளவு 255-ஐத் தாண்டியது. தாண்டிய எண்ணைப் போட்டுவைக்க இடமில்லாததால் திரையை இயக்கும் நிரல் விழுந்தது. எழுந்ததும் முதல் வேலையாக அதே வால்பேப்பரைப் படித்து மறுபடி விழுந்தது. ஆண்ட்ராய்டு 11-இல் இது சரிசெய்யப்பட்டது.

அந்த போன்களில் எந்தப் பாகமும் கெட்டுப்போகவில்லை. பேட்டரி, திரை, சிப் எல்லாம் நலம். "போன் செத்துப்போச்சு" என்று சொல்லப்படும் பல போன்களின் நிலை இதுவே. மென்பொருளில் எங்கோ ஓர் இடத்தில் சிக்கல். அதைக் கண்டுபிடிக்கும் கருவிகளைத் தயாரிப்பாளர்கள் போனுக்குள்ளேயே வைத்துத்தான் விற்கிறார்கள். ஆனாலும் வீட்டிலும் கடையிலும் முதலில் வரும் பேச்சு, "ரீசெட் அடிச்சா சரியாயிடும்" என்பதே. சரியாகிவிடும், உண்மைதான். கூடவே குழந்தையின் முதல் நடை, இறந்துபோன அப்பாவின் குரல் பதிவு எல்லாமும் போய்விடும். ரீசெட்டைக் கடைசியில் வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

திரை உறைந்து நின்றால் முதலில் கட்டாய ரீஸ்டார்ட். பிக்சலில் பவர் பட்டனை அரை நிமிடம் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். சாம்சங்கில் பவரையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்துப் பத்து விநாடி. ஐபோன் 8-இலும் அதற்குப் பிறகு வந்த மாடல்களிலும் வால்யூம் கூட்டும் பட்டனை ஒருமுறை தட்டி, குறைக்கும் பட்டனை ஒருமுறை தட்டி, பிறகு பக்கவாட்டுப் பட்டனை ஆப்பிள் சின்னம் தெரியும்வரை விடாமல் அழுத்த வேண்டும். இதில் எந்தத் தகவலும் அழியாது.

அடுத்தது சேஃப் மோட். ஆண்ட்ராய்டில் இருக்கும் கருவிகளில் மிகவும் பயனுள்ளது, மிகக் குறைவாகத் தெரிந்தது இதுதான் என்பேன். எங்கள் தெருவில் ஓர் அக்கா போனை நீட்டிக்கொண்டு வந்தார். "தம்பி, போனைத் திறந்தாலே முழுசா விளம்பரமா வருது. கடையில கேட்டா எல்லாத்தையும் அழிச்சாத்தான் சரியாகுமாம். பேரன் போட்டோ எல்லாம் இதுலதான்பா இருக்கு."

"அழிக்க வேண்டாம்க்கா, முதல்ல யாரு இதைப் பண்றாங்கன்னு பார்த்துடலாம்" என்று பவர் மெனுவைக் கொண்டுவந்தேன். அதில் 'பவர் ஆஃப்' என்பதைத் தட்டாமல் விரலை அதன்மேலேயே வைத்திருந்தால் சேஃப் மோட் வேண்டுமா என்று கேட்கும். சம்மதித்தால் போன் அணைந்து எழும். திரையின் கீழ் மூலையில் 'சேஃப் மோட்' என்ற எழுத்து நிற்கும். முகப்புவரை வரவே முடியாத பல போன்களில், ஆன் செய்து லோகோ தெரிந்ததும் வால்யூம் குறைக்கும் பட்டனைப் பிடித்துக்கொண்டால் அதே இடத்துக்குப் போகலாம்.

சேஃப் மோடில் போனோடு வந்த செயலிகள் மட்டுமே ஓடும். நாம் போட்டவை எல்லாம் அடங்கி நிற்கும். அக்காவின் போனில் விளம்பரம் நின்றுவிட்டது. அப்படியானால் குற்றவாளி, அவர் போட்ட செயலிகளில் ஒன்று. செட்டிங்ஸில் செயலிப் பட்டியலைத் திறந்து, தொல்லை தொடங்கிய சமயத்தில் வந்தவற்றைப் பார்த்தோம். போனைச் 'சுத்தம் செய்து வேகமாக்கும்' என்று சொல்லிக்கொண்ட ஒன்று இருந்தது. நீக்கும் பட்டன் மங்கலாக, அழுத்த முடியாமல் இருந்தது. இத்தகைய செயலிகள் டிவைஸ் அட்மின் அனுமதியை வாங்கி வைத்துக்கொள்வதுண்டு. செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'டிவைஸ் அட்மின்' என்று தேடி, அந்தச் செயலியின் அனுமதியைப் பறித்த பிறகுதான் அது வெளியேறியது. வழக்கம்போல் ரீஸ்டார்ட் செய்ததும் போன் பழைய நிலைக்கு வந்தது. பேரனின் படங்களில் ஒன்றுகூடக் குறையவில்லை. முகப்பில் வைத்திருந்த கடிகாரம் போன்ற விட்ஜெட்டுகள் மட்டும் சில போன்களில் காணாமல் போகும், மறுபடி வைத்துக்கொள்ளலாம்.

சேஃப் மோடிலும் தொல்லை தொடர்ந்தால், கோளாறு போனின் சொந்த மென்பொருளில் இருக்கலாம். 2021 மார்ச்சில் ஜிமெயில் உட்படப் பல செயலிகள் திறந்தவுடன் மூடிக்கொண்டன. செயலிகளுக்குள் இணையப் பக்கத்தைக் காட்டும் 'வெப்வியூ' என்ற கூகுள் பகுதிக்கு வந்த கோளாறான அப்டேட்தான் காரணம். செயலிப் பட்டியலில் அதைத் திறந்து, மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி, 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' கொடுத்தவர்கள் அன்றே மீண்டார்கள். கூகுள் புதிய அப்டேட் கொடுத்ததும் மற்றவர்களுக்கும் சரியானது. போனோடு வந்த செயலிகளை நீக்க முடியாவிட்டாலும் அவற்றில் பலவற்றை இப்படிப் பழைய பதிப்புக்குத் திருப்ப முடியும்.

இனி ரெக்கவரி மோட். இது ஆண்ட்ராய்டுக்கு வெளியே, தனியாக நிற்கும் ஒரு சின்ன இயங்குதளம். பெரியது எழ மறுத்தாலும் இது எழும். போனை அணைத்துவிட்டு, சாம்சங்கில் பவரையும் வால்யூம் கூட்டும் பட்டனையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். புதிய மாடல்களில் யூ.எஸ்.பி. கேபிளால் கணினியோடு இணைத்தால்தான் பல நேரம் இது திறக்கும். பிக்சலில் பவரும் வால்யூம் குறைக்கும் பட்டனும். வரும் மெனுவில் 'ரெக்கவரி மோட்' தேர்ந்தெடுக்க வேண்டும். உடனே பச்சை ரோபோ மல்லாந்து கிடக்க, 'நோ கமாண்ட்' என்று வரும். பயப்பட வேண்டாம், அது வாசல்தான். பவரைப் பிடித்தபடி வால்யூம் கூட்டும் பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் மெனு வரும்.

கறுப்புத் திரையில் பொடி எழுத்து வரிகள். பெரும்பாலும் தொட்டால் நகராது. வால்யூம் பட்டனால் மேலும் கீழும் போய், பவர் பட்டனால் தேர்ந்தெடுக்க வேண்டும். 'வைப் கேஷ் பார்ட்டிஷன்' என்ற வரி தற்காலிகக் கோப்புகளை மட்டும் துடைக்கும். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு போன் திணறினால் செய்து பார்க்கலாம், படங்களுக்கு ஆபத்தில்லை. ஆனால் அதற்கு மேல் வரியிலேயே 'வைப் டேட்டா' நிற்கிறது. ஒரு தட்டு மாறினால் எல்லாம் அழிந்துவிடும். உறுதி கேட்கும் அடுத்த திரையை நிதானமாகப் படித்துவிட்டுத்தான் பவர் பட்டனைத் தொட வேண்டும். இயங்குதளத்துக்கு இரண்டு பக்கங்களை ஒதுக்கும், 2016-இல் ஆண்ட்ராய்டு 7-உடன் வந்த இரட்டை அமைப்பைக் கொண்ட போன்களில் கேஷ் வரி பொதுவாக இருக்காது. அவற்றில் புது அப்டேட் ஓடாத பக்கத்தில் எழுதப்படும். அது எழாவிட்டால் போன் தானாகப் பழைய பக்கத்துக்குத் திரும்பும்.

ஆண்ட்ராய்டு 8-இலிருந்து, போன் மீண்டும் மீண்டும் விழுவதைத் தானே கவனித்து, கடைசியில் நம்மை ரெக்கவரிக்குக் கொண்டுவந்து நிறுத்தும். 'ட்ரை அகெயின்', 'ஃபேக்டரி டேட்டா ரீசெட்' என்ற இரண்டு வரிகள் அங்கே இருக்கும். பதற்றத்தில் பலர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். முதலாவதை ஒன்றுக்கு இரண்டு முறை முயன்று பார்ப்பதால் எந்த இழப்பும் இல்லை.

ஐபோனில் பயனருக்கான சேஃப் மோட் கிடையாது. கணினியோடு கேபிளில் இணைத்து, முன்பு சொன்ன பட்டன் வரிசையை ஆப்பிள் சின்னத்துக்குப் பிறகும் விடாமல், கேபிள் படம் தெரியும்வரை பிடித்தால் ரெக்கவரி. கணினியில் 'அப்டேட்', 'ரீஸ்டோர்' என்று இரண்டு பட்டன்கள் வரும். அப்டேட் இயங்குதளத்தை மட்டும் புதிதாக நிறுவும். ரீஸ்டோர் அனைத்தையும் அழிக்கும். பதிவிறக்கம் 15 நிமிடத்தைத் தாண்டினால் போன் இந்த நிலையைவிட்டு வெளியேறிவிடும். அப்படி ஆனால், பதிவிறக்கம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும், அப்போதும் அப்டேட்தான்.

எதுவும் பலிக்காமல் ரீசெட்தான் வழி என்றால், அழிந்ததை மீட்டுத் தருவதாக யார் சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள். இன்றைய போன்களில் தகவல்கள் மறையாக்கப்பட்டே சேமிக்கப்படுகின்றன; ரீசெட் அதைத் திறக்கும் சாவியையே அழித்துவிடுகிறது. இன்னொன்று: 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1-உடன் வந்த திருட்டுத் தடுப்பின்படி, ரெக்கவரி வழியாக ரீசெட் ஆன போன் அதில் முன்பிருந்த கூகுள் கணக்கையும் பாஸ்வேர்டையும், அல்லது பழைய திரைப்பூட்டு எண்ணைக் கேட்கும். நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்குக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தது போன் விற்ற கடைப் பையன். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. போன் நன்றாக ஓடும்போதே கணக்கு எது என்று செட்டிங்ஸில் பார்த்து, பாஸ்வேர்டை மாற்றி, அவர்களின் நோட்டுப்புத்தகத்தில் எழுதிவையுங்கள்.

அடுத்த வாரம்: வாட்ஸ்அப் பேக்கப் எங்கே போய்ச் சேர்கிறது, ஏன் பாதியில் நிற்கிறது?