இல்லாத பின்னல் எப்படித் தெரிகிறது?

ஆத்தங்குடிக் கல் பதிக்கும்போது மூலைமட்டமே பிசகியிருந்தால், நேரான சுவரும் கோணலாகத்தான் தெரியும். குவாண்டம் பின்னலை, அதாவது இரு துகள்களுக்கிடையிலான பிரிக்கமுடியாத பிணைப்பைத் தேடும் சோதனையிலும் இதே ஆபத்து உண்டு.

ஒளித்துகள் சோடி ஒன்றை எடுத்து, இரு முனைகளிலும் போலராய்டை 0°, 45° என வைத்து அளக்கிறோம். இரு கோணங்களிலும் கிடைக்கும் ஒட்டுறவு எண்களை (இரு முனை விடைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு) கூட்டினால், பின்னாத சோடி 1-ஐத் தாண்டாது. முழுதும் பின்னியது 2-ஐத் தொடும். ஆனால் 45° என்று நம்பியது இரு முனையிலும் 42.5° ஆக இருந்தால், பின்னாத சோடியே 1.087 வரை காட்டிவிடும். ஏன்? கோணங்கள் நெருங்கியதால், அவற்றுக்கு நடுவே அதிரும் சாதாரண ஒளியே இரண்டு சோதனையிலும் கொஞ்சம் கூடுதலாகத் தேறுகிறது. ஆயிரம் முறை அளந்தாலும் இந்தப் பிழை கரையாது.

சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். சைமன் 2000-இல் தந்த புகழ்பெற்ற பின்னல் நிபந்தனைக்கும் இது பொருந்தும்: அங்கே அளவுகோலாக நிற்கும் வெற்றிட இரைச்சலைக் கூடுதலாகக் கணித்தால் பொய்ப் பின்னல் முளைக்கும்.

பின்னலைக் கண்டறியும் இன்னொரு வழியான பெல் சோதனை வேறு வகை. கோணம் எப்படிப் பிசகினாலும், அதில் பின்னாத சோடிக்குள்ள வரம்பான 2 மாறாது. பிசகு, உண்மைப் பின்னலை மறைக்கலாமே தவிர, பொய்யாக உருவாக்காது. துகள்களைத் தவறவிடும் கருவிதான் அங்கே பகை. அந்த ஓட்டை, மற்ற முக்கிய ஓட்டைகளோடு சேர்த்து ஒரே சோதனையில் 2015-இல் அடைபட்டது.

பெல் சோதனை அல்லாத வழியில் பின்னல் கண்டதாகச் செய்தி வந்தால், கோணப்பிழை எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.