வானூர்திப் பயணமும் குடும்பத்தாரின் நேரக் கணக்கும்

அறிவியல் விரைந்து வளர்ந்து வரும் இந்நாளில், வானூர்திப் பயணம் செல்வர்க்கு மட்டுமே உரியது என்னும் நிலை மாறிவிட்டது. நம் தோட்டத்திலிருந்தும் ஆண்டுதோறும் சில குடும்பங்கள் தமிழ்நாட்டிற்குச் சென்று வருகின்றன. உறவினர் திருமணம், குலதெய்வ வழிபாடு, முன்னோர் பிறந்த ஊரைக் காணும் ஆவல், சில வேளைகளில் துக்கம் எனக் காரணங்கள் பலவாகும். அங்ஙனம் செல்வோர், பிள்ளைகளுக்கு விடுமுறை கேட்டுப் பள்ளி அலுவலகத்திற்கு வரும்பொழுது, தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "ஐயா, எத்தனை மணிக்கு ஏர்ப்போர்ட்டில் இருக்க வேண்டும்?" என்பதே அது.

மூன்று மணி நேரத்திற்கு முன் என்று ஒரே வரியில் விடை கூறிவிடலாம். ஆயினும் காரணம் தெரியாத விடை மனத்தில் நிலைப்பதில்லை. மூன்று என்றால் இரண்டு போதும் என்று ஒருவரும், ஆறு மணி நேரத்திற்கு முன்னரே போய் அமர்ந்துகொண்டால் கவலையில்லை என்று மற்றொருவரும் எண்ணிக்கொள்வர். ஆகவே, இதனை ஒரு கணக்காகவே செய்து பார்ப்போம். ஆறாம் ஆண்டு மாணவர்கள் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளலாம்.

நம் பாட்டனார் காலத்தில் இக்கணக்கு தேவைப்படவில்லை. பினாங்குத் துறைமுகத்திலிருந்து ‘ரஜுலா’ கப்பலிலும், அதன் பின்னர் ‘சிதம்பரம்’ கப்பலிலும் சென்றோர் பலர், முதல் நாளே பினாங்கு சென்று தங்கிவிடுவர். கடற்பயணமே பல நாட்கள் நீடிக்கும்பொழுது, துறைமுகத்தில் அரை நாள் காத்திருப்பது ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. 1985-ஆம் ஆண்டில் நேர்ந்த தீ விபத்தோடு ‘சிதம்பரம்’ கப்பலின் பயணிகள் சேவையும் முடிவுற்றது. இன்று வானூர்தி ஏறக்குறைய 4 மணி நேரத்தில் சென்னையில் இறக்கிவிடுகிறது. ஆனால், பறக்கும் நேரம் குறைந்ததே தவிர, பறப்பதற்கு முன் நிலத்தில் செலவாகும் நேரம் குறையவில்லை. கூடியே இருக்கிறது.

இதற்கு முதற்காரணம் நிலையத்தின் பரப்பாகும். 1965-ஆம் ஆண்டு முதல் சுபாங்கில் இயங்கிய அனைத்துலக விமான நிலையத்தின் பணி 1998-ஆம் ஆண்டில் சிப்பாங்கிற்கு மாற்றப்பட்டது. ரப்பரும் எண்ணெய்ப்பனையும் விளைந்த தோட்ட நிலத்தில்தான் இப்புதிய நிலையம் எழுந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நலம். அதற்கென ஒதுக்கப்பட்ட நிலம் 10,000 ஹெக்டர். அங்கு இப்பொழுது இரண்டு முனையங்கள் உள்ளன. இரண்டாவது, 2014-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. முதலாம் முனையத்தில் சில வானூர்திகளுக்குத் தனியே நிற்கும் துணைக்கட்டடத்திற்குச் செல்ல வேண்டும். அதற்கான சிறு ரயில் 2023 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, 2025 ஜூலையில்தான் மீண்டும் ஓடத் தொடங்கியது; இடைப்பட்ட காலத்தில் பயணிகள் பேருந்தில் ஏற்றிச் செல்லப்பட்டனர். இரண்டாம் முனையத்திலோ நீண்ட மேம்பாலத்தை நடந்தே கடக்க நேரிடும். நம் சீட்டு எந்த முனையத்திற்கு உரியது என்பதை வீட்டிலேயே பார்த்து, வேன் ஓட்டுநரிடமும் சொல்லிவைத்தல் வேண்டும். தவறான முனையத்தில் ஆறு பேரையும் எட்டுப் பெட்டிகளையும் இறக்கிவிட்டு வேன் போய்விட்டால், அதன் பின்னர் எந்தக் கணக்கும் உதவாது.

இரண்டாம் காரணம், சீட்டில் அச்சிடப்பட்டுள்ள நேரத்தை நாம் தவறாகப் பொருள்கொள்வதாகும். இரவு 9.30 என்றிருந்தால், அது வானூர்தி நகரத் தொடங்கும் நேரம். நாம் ஏறும் நேரமன்று. அதற்கு முன்னரே இரண்டு கதவுகள் அடைபடும். பெட்டிகளை ஒப்படைக்கும் முகப்பிடம், வெளிநாட்டுப் பயணங்களுக்குப் பொதுவாக ஒரு மணி நேரத்திற்கு முன் மூடப்படும், அதாவது 8.30. வானூர்தியில் ஏறும் வாயில் ஏறக்குறைய 20 நிமிடத்திற்கு முன் மூடப்படும்; அதாவது 9.10. நிறுவனத்திற்கு நிறுவனம் இதில் சிறு வேறுபாடு உண்டாதலால், சீட்டிலுள்ள விதிகளைப் படித்துப் பார்த்துக்கொள்க.

இனிக் கணக்கிற்கு வருவோம். பலர் 8.30-ஐ நோக்கியே ஓடுகின்றனர். முகப்பிடம் மூடுவதற்குள் பெட்டியைக் கொடுத்துவிட்டால் வென்றுவிட்டோம் என்று கருதுகின்றனர். தனியாகப் பயணம் செய்யும் இளைஞருக்கு அது பொருந்தலாம். பெட்டியைக் கொடுத்த பின்னர் அவர் ஓடுவார், வரிசையில் நிற்பார், மீண்டும் ஓடுவார். குடும்பம் ஓடாது. பாட்டியார் எந்த வேகத்தில் நடக்கிறாரோ, கைக்குழந்தை எவ்வளவு நேரம் அழுகிறதோ, அதுவே அக்குடும்பத்தின் வேகமாகும். எனவே, வாயில் மூடப்படும் 9.10-லிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். வாயில்வரை முதியவரோடு நடக்கவும், வழியில் ஒருமுறை கழிப்பறைக்குச் செல்லவும் 30 நிமிடம். குடிநுழைவுத் துறை அதிகாரியின் வரிசைக்கும் பாதுகாப்புச் சோதனைக்கும் 45 நிமிடம். ஆக, 7.55-க்குள் பெட்டிகள் கைவிட்டுப் போயிருக்க வேண்டும். அவ்வரிசையில் நிற்பதற்கு ஒரு மணி நேரம் எனில், 6.55. வேனிலிருந்து இறங்கித் தள்ளுவண்டி தேடி, ஆட்களை எண்ணி, முகப்பிடத்தைக் கண்டுபிடிக்க 25 நிமிடம். விடை மாலை 6.30. மூன்று மணி நேரம் என்பது இவ்வாறு வந்ததே. இதில் மிகையாக எதுவும் சேர்க்கப்படவில்லை.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, புறப்பாட்டிற்கு 1 மணி 40 நிமிடத்திற்கு முன் நிலையத்தை அடைந்தது. குடும்பத் தலைவர் எண்ணெய்ப்பனை குலை வெட்டும் தொழிலாளி. தம் தாயாரை அவர் பிறந்த ஊருக்கு ஒருமுறையேனும் அழைத்துச் செல்ல வேண்டுமென்று மூன்றாண்டுகள் வெள்ளி சேர்த்தவர். வழியில் நெரிசல். முகப்பிடத்தில் இரண்டு பெட்டிகள் எடை மிகுந்திருந்தன. மைலோ பொட்டலங்களையும் சேலைகளையும் தரையில் பரப்பி, ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினர். மூடுவதற்குச் சில நிமிடங்களே இருக்கையில் பெட்டிகள் ஏற்கப்பட்டன. மகன் முன்னே ஓடி வாயிலை அடைந்துவிட்டான். தாயாரால் ஓட இயலவில்லை. அவர் வந்து சேர்ந்தபொழுது வாயில் மூடப்பட்டிருந்தது. ஒப்படைத்த பெட்டிகளையும் இறக்கிவிட்டனர். அன்றைய விலையில் ஆறு சீட்டுகளைப் புதிதாக வாங்க அவர்களிடம் பணமில்லை. விதிப்படியே நடந்ததால் யாரையும் குறைகூற வழியுமில்லை. மீண்டும் பணம் சேர்ந்த காலத்தில் அம்மூதாட்டியார் படுக்கையில் இருந்தார்.

முதியோரை அழைத்துச் செல்வோர் சக்கர நாற்காலி கேட்பதற்கு நாணுதல் வேண்டா. நோயாளிக்கு மட்டுமே அது உரியதென்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். நெடுந்தூரம் நடக்க இயலாத எவரும் கேட்கலாம். ஆனால், முகப்பிடத்திற்கு வந்த பின்னர் கேட்டால் காத்திருக்க நேரும். பயணத்திற்குக் குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன்னரே நிறுவனத்திடம் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

நேரத்தை விழுங்குவனவற்றுள் பெட்டியின் எடைக்கு முதலிடம் தரலாம். கையில் கொண்டு செல்லும் பைக்கு 7 கிலோ என்பதே பல நிறுவனங்களின் அளவு. வீட்டிலேயே, இல்லையேல் மளிகைக்கடைத் தராசிலேனும் நிறுத்துப் பார்த்துவிடலாம். அடுத்தது நீர்மப் பொருள். 2006-ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து புறப்படும் வானூர்திகளை நீர்ம வெடிபொருளால் தகர்க்கத் தீட்டிய சதி வெளிப்பட்ட பின்னர், கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட புட்டிகளுக்கு உலகெங்கும் தடை வந்தது. சில நாடுகளில் புதிய கருவிகளால் அது தளர்ந்து வருகிறதெனினும், நாம் அதனை நம்பிப் போதல் கூடாது. காயா, ஊறுகாய், சம்பல், தேங்காயெண்ணெய் யாவும் பெரிய பெட்டிக்குள் போக வேண்டியவை. மாறாக, பவர் பேங்க் எனப்படும் மின்சேமிப்பான் பெரிய பெட்டிக்குள் இருத்தலாகாது. கைப்பையிலேயே இருக்க வேண்டும். மாணவர்கள் தங்கள் பள்ளிப் பையையே கைப்பையாகக் கொண்டு செல்வதாயின், உள்ளிருக்கும் கத்தரிக்கோலையும் கவராயத்தையும் முன்னரே எடுத்து வைத்துவிடுக. சோதனையிடத்தில் ஒரு பை நின்றால் ஆறு பேரும் நிற்க வேண்டும்.

ஆவணங்களைப் பொறுத்தவரை நமக்கென்றே உரிய இடர் ஒன்றுண்டு. நம் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே ‘ஏ/எல்’ அல்லது ‘ஏ/பி’ என்று வரும். நம் நாட்டுக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்று தனியே பிரிப்பதில்லை. வீசாப் படிவத்திலோ அது கேட்கப்படும். சீட்டு வாங்கும் படிவத்தில் அச்சாய்கோட்டிற்கு இடமிராது. ஒன்றில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் எழுதிவிட்டு, முகப்பிடத்தில் நின்று விளக்கம் கூறிக்கொண்டிருப்பது வீண். சீட்டு வாங்கும் நாளிலேயே கடவுச்சீட்டை அருகில் வைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு தேவை. அது ஆறு மாதங்களுக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும். கைப்பேசியின் வழி முன்னரே பதிவு செய்துவிட்டோம், வரிசை இல்லை என்று இளைஞர்கள் கூறுவதும் முழு உண்மையன்று. வீசாவைச் சரிபார்க்கவும் பெட்டியைக் கொடுக்கவும் முகப்பிடத்திற்கு வந்தே ஆக வேண்டும்.

சாலைக் கணக்கு தனி. மூன்று மணி நேரம் என்பது நிலைய வாசலில் இறங்கும் நேரம். வீட்டிலிருந்து கிளம்பும் நேரமன்று. சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து சிப்பாங்கிற்கு 250 கிலோமீட்டருக்கும் மேல். ஓட்டம் மூன்றரை மணி நேரம், இருமுறை நிறுத்தி இளைப்பாற அரை மணி நேரம், எதிர்பாராத தடைக்கு ஒரு மணி நேரம் எனில், 6.30-க்குச் சேர வேண்டியவர்கள் பகல் 1.30-க்குப் புறப்பட வேண்டும். தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு வாரங்களில் தஞ்சோங் மாலிமுக்கும் ரவாங்கிற்கும் இடையே வாகனங்கள் ஊர்ந்து செல்லுமாதலால், அந்நாட்களில் தடைக்கென இரண்டு மணி நேரம் ஒதுக்குவதே அறிவுடைமை. பெட்டிகள் குறைவாக உள்ளோர் ஈப்போவிலிருந்து மின்ரயிலில் கோலாலம்பூர் சென்ட்ரல் வந்து, அங்கிருந்து விமான நிலைய விரைவு ரயிலில் செல்லலாம். முதலாம் முனையத்திற்கு 28 நிமிடம், இரண்டாம் முனையத்திற்கு 33 நிமிடம். சாலை நெரிசல் அதனைத் தொடுவதில்லை.

அப்படியானால் காலையிலேயே போய்விட்டால் என்ன என்று கேட்கலாம். முகப்பிடங்கள் பல, புறப்பாட்டிற்கு மூன்று மணி நேரத்திற்கு முன்னரே திறக்கின்றன. அதற்கு முன் சென்றோர் பெட்டிகளைக் காத்தபடி, வெளிக்கூடத்தில் அமர்ந்திருக்க வேண்டும். பிள்ளைகள் பசியாற வேண்டும். அங்கே விற்கும் உணவின் விலை நம் தோட்டத்துக் கடை விலையன்று. அலுத்துப்போன குழந்தைகள் வானூர்தியில் ஏறும் நேரத்தில்தான் உறங்கத் தொடங்கும். ஆகவே, மூன்று மணி நேரம். பெருநாள் காலத்தில் மூன்றரை. அதற்கு மேல் வேண்டியதில்லை.

நள்ளிரவுப் புறப்பாட்டைப் பற்றி ஒரு சொல். 15-ஆம் தேதி 12.15 ஏ.எம். என்று சீட்டிலிருந்தால், 14-ஆம் தேதி இரவு 9.15-க்கே நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு சென்று நிற்போர் இன்றும் உள்ளனர். இது படிப்பறிவு இல்லாமையால் நேர்வதன்று. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் நேர்கிறது. நாட்காட்டியில் 14-ஆம் தேதியைச் சுற்றி வட்டமிடும் வேலையைப் பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம்.

திரும்பி வரும் பயணத்தில் இது இன்னும் கவனிக்கத்தக்கது. இந்திய நேரம் நம் நேரத்திற்கு இரண்டரை மணி நேரம் பிற்பட்டது. 9.30-க்குப் புறப்பட்டு 4 மணி நேரம் பறந்து சென்னையில் இறங்கும்பொழுது, நம் கைக்கடிகாரம் 1.30 காட்டும், அங்கே மணி 11. கடிகாரத்தை அப்பொழுதே திருத்திவிட வேண்டும். சீட்டில் எப்பொழுதும் அந்தந்த ஊரின் நேரமே அச்சிடப்பட்டிருக்கும். மேலும், இந்திய விமான நிலையங்களில் கட்டடத்தின் வாசலிலேயே காவலர்கள் கடவுச்சீட்டையும் பயணச்சீட்டையும் பார்த்துத்தான் உள்ளே விடுவர். வழியனுப்ப வந்த உறவினர் வெளியிலேயே நின்றுவிட வேண்டும். அழுது விடைபெறுவதற்குரிய நேரத்தை, அந்த வாசலுக்கு முன்னரே கணக்கில் சேர்த்துக்கொள்க.