ஹார்ட் டிஸ்க் மக்கர் செய்தால் முதலில் கையை எடுங்கள்

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும், "இதைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?" என்று விண்டோஸ் கேட்கிறது. நேற்று வரை நன்றாகத் திறந்த டிஸ்க் அது. குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த படங்களெல்லாம் அதில்தான் இருக்கின்றன. அந்தப் பதற்றத்தில் சரி என்று அழுத்திவிடுகிறவர்கள் உண்டு. அழுத்தாதீர்கள். கேன்சல் கொடுத்து, டிஸ்க்கைக் கழற்றி மேஜைமேல் வையுங்கள். கழற்றி வைத்த டிஸ்க் அவசரப்படுத்தாது. நிதானமாக யோசிக்க நேரம் இருக்கிறது.

டிஸ்க்கைச் சரிசெய்வது ஒரு வேலை, அதிலுள்ள டேட்டாவை எடுப்பது இன்னொரு வேலை. முதல் வேலையில் இறங்கினால் இரண்டாவது கெட்டுப்போகும் வாய்ப்பு அதிகம். கடையில் கொடுத்த டிஸ்க், "சரி பண்ணிட்டேன் சார், ஃபார்மட் போட்டாச்சு" என்ற வார்த்தையோடு திரும்பி வருவதுண்டு. கடைக்காரரைப் பொறுத்தவரை வேலை சுத்தமாக முடிந்தது. நமக்கோ எல்லாம் போய்விட்டது. அதனால் கொடுக்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: டிஸ்க் எனக்கு வேண்டாம், உள்ளே இருப்பதுதான் வேண்டும்.

கோளாறு இரண்டு வகை. ஒன்றில், டிஸ்க் நன்றாகவே இருக்கும்; எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கு மட்டும் கெட்டிருக்கும். விண்டோஸின் வழக்கமான என்டிஎஃப்எஸ் டிஸ்க்குகளில் இந்தக் கணக்கு மாஸ்டர் ஃபைல் டேபிள் என்ற அட்டவணையில் இருக்கிறது. காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினாலோ கரண்ட் போனாலோ அது சிதையலாம். நிலம் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது, பட்டா தொலைந்துவிட்டது என்பது போன்ற நிலைமை. டெலீட் செய்த ஃபைலும் ஏறக்குறைய அப்படித்தான். அது இருந்த இடம் 'காலி' என்று கணக்கில் குறிக்கப்படுகிறதே தவிர, வேறு ஏதாவது அதன்மேல் எழுதப்படும்வரை பழைய படம் அங்கேயே இருக்கும். ஆகவே ரெக்கவரி சாஃப்ட்வேரை அதே டிஸ்க்கில் டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யக் கூடாது. தேடிப் போகும் படத்தின்மேலேயே அது உட்கார்ந்துவிடக்கூடும். குவிக் ஃபார்மட் ஆன டிஸ்க்கிலிருந்தும் பெரும்பாலும் மீட்க வழியுண்டு. முழு ஃபார்மட் அப்படியல்ல. விண்டோஸ் விஸ்டா தொடங்கி, அது டிஸ்க் முழுவதும் பூஜ்யத்தை எழுதிவிடுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு செலவழித்தாலும் எடுப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

இன்னொரு வகை, டிஸ்க்கே பழுதாவது. உள்ளே இருக்கும் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. படிக்கும் ஹெட், தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் பருமன் பல பத்தாயிரம் நானோமீட்டர். ஒரு தூசி போதும், ஹெட் தட்டில் உரசிவிட. உரசிய இடத்தில் காந்தப் பூச்சு பொடியாகும், அந்தப் பொடி மற்ற இடங்களையும் கீறும். 'டக், டக்' என்று சீராகச் சத்தம் வந்தால், ஹெட் தனக்கு வேண்டிய தடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பப் போய்வருகிறது என்று பொருள். இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். ஒவ்வொரு முறை போடும்போதும் மீட்கக்கூடியது கொஞ்சம் குறையலாம். சத்தம் வரும் டிஸ்க்கை வீட்டில் ஒன்றும் செய்யாதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் ஓடும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குளிர்ந்த தட்டில் ஈரம் படிந்து, அந்த நிலையில் அது சுழன்றால் என்ன ஆகும் என்று அவர்கள் யோசிப்பதில்லை. தட்டுவதும், மூடியைத் திறந்து பார்ப்பதும் அதே ரகம்.

சத்தம் இல்லை, ஆனால் காப்பி செய்தால் பாதியில் நிற்கிறது, ஃபோல்டர் திறக்க ஐந்து நிமிடம் ஆகிறது என்றால் முதலில் கேபிளையும் யூஎஸ்பி போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். கேபிள் பழுதை டிஸ்க் பழுதென்று நினைத்துப் பணம் செலவழித்தவர்கள் நிறைய. அடுத்து, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைக் கணினியில் (பழுதான டிஸ்க்கில் அல்ல) வைத்துத் திறந்தால், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்பு தெரியும். அதில் மூன்று வரிகள் முக்கியம். '05' என்பது, கெட்டுப்போனதால் ஒதுக்கப்பட்டு வேறிடத்துக்கு மாற்றப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை. 'சி5' என்பது, படிக்க முடியாமல் முடிவு தெரியாமல் நிற்பவை. 'சி6' என்பது, சோதித்தும் படிக்க முடியாதவை. அந்த எண்கள் இயல்பாகப் பதினாறடிமான முறையில் காட்டப்படும். அங்கே 10 என்று இருந்தால் 16 என்று கொள்ள வேண்டும். 'சி5' பூஜ்யமாக இல்லாவிட்டால் அன்றைக்கே டேட்டாவை வெளியே எடுத்துவிட வேண்டும். 'சி7' மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி.

இந்த இடத்தில்தான் பலரும் விண்டோஸின் செக்டிஸ்க் கருவியை ஓடவிடுகிறார்கள். அதன் நோக்கம் ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்குக்குக் கொண்டுவருவது. உங்கள் படங்களைக் காப்பது அல்ல. பொருந்தாத பதிவுகளை வெட்டும், துண்டுகளைப் பெயரில்லாத ஃபைல்களாக ஒரு ஃபோல்டரில் கொட்டும், எல்லாவற்றையும் அதே டிஸ்க்கிலேயே எழுதும். செக்டார்களைச் சோதிக்கச் சொன்னால், நொந்துபோன டிஸ்க்கைப் பல மணி நேரம் விடாமல் படிக்கவும் வைக்கும். நல்ல டிஸ்க்குக்கு அது நல்ல கருவி. சாகப்போகும் டிஸ்க்குக்கு வேண்டாம்.

செய்ய வேண்டியது, டிஸ்க்கை அப்படியே முதலிலிருந்து கடைசிவரை இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுப்பது. பிறகு எல்லா முயற்சியும் அந்த நகலின்மேல் மட்டும். இதற்கு லினக்ஸில் ஓடும் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரலைவிட நம்பகமான ஒன்றை வீட்டில் இருந்தபடி பெறுவது கடினம். அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதியது. சாதாரண காப்பி, கெட்ட செக்டாரில் முட்டி அங்கேயே மல்லுக்கட்டும். அந்த நேரத்தில் ஹெட் செத்துப்போனால் நல்ல இடங்களும் கிடைக்காது. டிடிரெஸ்க்யூ தடங்கல் வந்ததும் அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறது. சுலபமாகப் படிக்க முடிகிற எல்லாவற்றையும் முதல் சுற்றிலேயே அள்ளிக்கொள்கிறது. பிறகு விட்டுவந்த பகுதிகளின் ஓரங்களை நெருங்குகிறது, கடைசியாக ஒவ்வொரு செக்டாராகச் சுரண்டுகிறது. எது கிடைத்தது, எது பாக்கி என்பதை ஒரு மேப் ஃபைலில் எழுதிக்கொண்டே வருவதால், பாதியில் நிறுத்தி டிஸ்க்கை ஆறவிட்டு மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நல்ல நிலையில் உள்ள ஒரு டெராபைட் டிஸ்க்குக்கு மூன்று மணி நேரம் போதும் என்றால், நோய்ப்பட்ட டிஸ்க்குக்கு நாள்கணக்கில் ஆகலாம். ஒரே எச்சரிக்கை: எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் காலி டிஸ்க் உங்கள் டேட்டாவின்மேல் எழுதப்படும். கட்டளையை அடித்தபின், எண்டர் தட்டுமுன், இரண்டு டிஸ்க்குகளின் அளவையும் சீரியல் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நகல் கையில் வந்ததும் பாதி பயம் போய்விடும். கிறிஸ்டோஃப் கிரெனியே உருவாக்கிய டெஸ்ட்டிஸ்க், தொலைந்த பார்ட்டிஷனைத் தேடித் தரும். பட்டா முழுக்கவே போயிருந்தால் அதன் கூடவே வரும் போட்டோரெக் உதவும். ஜேபிஜி படம் எப்போதும் ஒரே மாதிரியான பைட்டுகளில்தான் தொடங்கும். அந்த அடையாளத்தை வைத்து நகல் முழுவதும் சலித்துப் படங்களைப் பொறுக்குகிறது. பழைய பெயரும் ஃபோல்டரும் திரும்பாது. டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறியிருந்த பெரிய வீடியோக்கள் பல திறக்காது. இருந்தாலும் ஆயிரக்கணக்கான படங்கள் பெயரில்லாமல் திரும்பி வருவது சின்ன விஷயமில்லை.

பழுதான டிஸ்க்கிலிருந்து எவ்வளவு எடுக்க முடியும் என்பதற்கு என் மனதில் நிற்கும் உதாரணம் கொலம்பியா விண்கலம். 2003 பிப்ரவரி 1 அன்று, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேருடன் அது வானில் சிதறியது. ஸெனான் வாயு பற்றிய ஓர் ஆய்வின் முடிவுகளைத் தாங்கிய ஹார்ட் டிஸ்க், பின்னர் கருகி உருகிய நிலையில் தரையில் கிடைத்தது. அமெரிக்காவின் ஆன்ட்ராக் நிறுவனத்தினர் தட்டுகளைக் கழற்றிச் சுத்தம் செய்து வேறொரு டிஸ்க்கில் பொருத்தி, சுமார் 99 சதவீதத்தை மீட்டனர். ஆய்வு முடிவு 2008-ல் வெளியானது. வானத்திலிருந்து விழுந்ததைவிட, உள்ளே தூசியோடு சுழலவிட்ட டிஸ்க் மோசமாகக் கெட்டுப்போகும்.

இப்படித் தட்டுகளைக் கழற்றும் வேலைக்குத் தூசி வடிகட்டிய தனி அறை வேண்டும், அதே மாடல் டிஸ்க் ஒன்று உதிரிபாகத்துக்கு வேண்டும். சர்க்யூட் போர்டை மட்டும் மாற்றினால் போதும் என்பதும் இன்று பெரும்பாலும் செல்லாது. அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவுத்திருத்தங்கள் போர்டில் உள்ள ஒரு சிப்பில் இருக்கின்றன, அதையும் இடம் மாற்ற வேண்டும். ஆகவே டேட்டா மீட்கும் லேபில் கட்டணம் அதிகம்தான். கொடுக்குமுன் கேளுங்கள்: சோதித்துச் சொல்ல எவ்வளவு, டேட்டா கிடைக்காவிட்டால் எவ்வளவு, கிடைத்த ஃபைல்களின் பட்டியலைப் பணம் கட்டுமுன் காட்டுவீர்களா, திறந்து பார்க்கத் தனி அறை உண்டா. கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. அழித்த ஃபைல் இருந்த இடத்தை ட்ரிம் என்ற ஏற்பாட்டின்படி எஸ்எஸ்டி தானே விரைவில் துடைத்துவிடுவதால், டெலீட் செய்ததை மீட்பது பெரும்பாலும் நடக்காது. பெரும்பாலும் தட்டுத் தடுமாறும் அறிகுறி எதையும் காட்டாமல், ஒரே நாளில் செத்தும் போகும். பிட்லாக்கர் போட்ட டிஸ்க் என்றால் பாஸ்வேர்டோ 48 இலக்க மீட்புச் சாவியோ இல்லாமல் நகலும் பயன்படாது; அந்தச் சாவியை இன்றே தேடி எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள்.

உங்கள் டிஸ்க் இப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், ஒரு புது டிஸ்க் வாங்கி இந்த வாரத்துக்குள் எல்லாவற்றையும் அதிலும் ஒரு பிரதி போட்டு, வேறொரு வீட்டில் வையுங்கள். லேப் கேட்கும் கட்டணத்தோடு பார்த்தால் அந்த டிஸ்க்கின் விலை மிகக் குறைவு.